இதுல யாரு எங்க தாத்தா? நெகட்டிவ் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு செய்யும் பெரிய வேலை!

கள்ளக்குறிச்சி கருணாபுரம்னு சொன்னதும் பலருக்கு 2024 ஜூன் மாத கள்ளச்சாராய மரணங்கள்தான் ஞாபகம் வரும். எனக்கு அது பெரியம்மா ஊர். சமீபத்தில் போனபோது, கூடத்துச் சுவரில் இருந்த தாத்தா படத்தைக் கரையான் தின்றிருந்தது. மிஞ்சிய அட்டையின் பின்னால் பென்சிலில் ஓர் எண் மட்டும்: 412.

"எடுத்த ஸ்டுடியோவுல நெகட்டிவ் இருக்கும் கண்ணு, போய்க் கேப்போம் வா" என்றார் பெரியம்மா.

ஸ்டுடியோ மூடிப் பல வருஷம் ஆச்சு. படம் எடுத்தவரின் மகன் ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். உள்ளே தனித்தனி ஃபிலிம் தாள்கள். எண் எழுதிய உறைகள் மழையில் நைந்துவிட்டன, ரிஜிஸ்டரும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, போனில் படமெடுத்து, கலரைத் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். கடைசியில் இரண்டு தாள்கள் மிஞ்சின. இரண்டிலும் அதே நாற்காலி, அதே பூச்சாடி, முகத்தில் பூஞ்சை. இதுல யார் தாத்தா?

412 அந்தத் தாளிலேயே இருந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

தாளிலேயே எப்படி?

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுக்கும் பெரிய கேமராவில் ஃபிலிம் ரோல் கிடையாது. ஒரு படத்துக்கு ஒரு தாள். 4x5 அங்குலம், 8x10 அங்குலம் என்று அளவுகள் உண்டு. ஹோல்டர் என்ற தட்டையான பெட்டியில், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு தாள்களை இருட்டில் செருகுவார்கள். கழுவி எடுத்தபின் எது எந்த ஹோல்டரில் இருந்தது என்று தெரியாது.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஹோல்டரின் ஒரு முனையில் ஃபிலிமின் விளிம்பை மூடும் மடிப்பு ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் சின்ன அரத்தால் குட்டி வெட்டு போடுவார்கள். முதல் பக்கத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு. படம் எடுக்கும்போது வெட்டு வழியாகவும் வெளிச்சம் விழும். நெகட்டிவின் தெளிவான ஓரத்தில் கறுப்பாக ஒரு புடைப்பு நிரந்தரமாகப் பதிந்துவிடும். உறை போனாலும் அது போகாது.

ஃபிலிம் கம்பெனியே தாளின் மூலையில் வெட்டிய பள்ளங்கள் வேறு. அவை ஃபிலிமின் ரகத்தை இருட்டில் தடவிப் பார்த்துச் சொல்ல.

இன்னொரு லாபமும் உண்டு. மூன்று வெட்டு உள்ள நெகட்டிவ்களில் மட்டும் வெளிச்சக் கோடு விழுகிறதா? மூணாம் நம்பர்ல ஓட்டைன்னு அர்த்தம். எல்லா ஹோல்டரையும் சந்தேகப்பட வேண்டாம்.

குறையும் இருக்கு. காட்சியில் அந்த இடம் இருட்டாக இருந்தால் குறி சரியாகப் பதியாது. அதே ஹோல்டர் நாளைக்கும் பயன்படும். அதனால் 'தேதி, ஹோல்டர் எண், யார், எங்கே' என்று நோட்டில் எழுதணும். காய்ந்தபின் நெகட்டிவ் ஓரத்திலேயே வரிசை எண்ணையும் எழுதிட்டா இன்னும் நல்லது.

இது எங்க வீட்டுப் பிரச்னை மட்டுமில்லை. 1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், கோயில் படங்கள் உட்பட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பாதுகாக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களை டிஜிட்டலாக்கும் பணியும் அங்கே நடந்தது. படம் பிழைப்பது பாதி வேலைதான். அதில் இருப்பவர் யார் என்பதும் கூடவே பிழைக்கணும்.

நம்ம போனில்?

போன் தேதியையும் நேரத்தையும் தானாகவே படத்துக்குள் எழுதிவிடும். ஆனால் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அந்தத் தகவல்கள் கழன்றுவிடும். குடும்பப் படங்களை டாகுமென்ட்டாக அனுப்புங்க. வீட்டிலுள்ள பழைய பிரின்ட்டுகளின் பின்பக்க ஓரத்தில் மெல்லிய பென்சிலால் பெயரையும் வருஷத்தையும் எழுதுங்க. பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். பெயர் தெரிந்த பெரியவங்க இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்க.

அந்த இரண்டு நெகட்டிவ்? "ரெண்டையும் பிரின்ட் போட்டுக் குடு கண்ணு" என்றார் பெரியம்மா. "ஒண்ணு எங்கப்பா. இன்னொண்ணு யாரோட அப்பாவோ, அவரும் இருந்துட்டுப் போகட்டும்."