வாகனத் தரிப்பிடத்தில் தொடங்கும் போட்டி: கிறீன் பேயும் சிக்காகோவும்

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் குடா ஒன்றின் முனையில் அமைந்துள்ள கிறீன் பே, பெருநகரங்களின் வரிசையில் வைத்து எண்ணப்படுகின்ற ஒரு நகரமன்று. 2020ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 107,000 பேர். அந்நகரிலுள்ள லம்போ மைதானத்தில் அமரக்கூடியவர்களின் தொகையோ 81,000இற்கும் அதிகமாகும். கிறீன் பே பக்கர்ஸ் அணியின் போட்டி இடம்பெறும் நாட்களில் அங்கே இரண்டாவது நகரமொன்று குடியேறிவிடுகின்றது எனலாம். வருகின்ற எதிரணி சிக்காகோ பெயார்ஸ் ஆயின், அந்நாளுக்கான ஆயத்தம் முதல்நாள் இரவே ஆரம்பமாகிவிடும்.

அமெரிக்கர் 'புட்போல்' என்று அழைப்பது எமது நாட்டில் உதைபந்தாட்டம் எனப்படுவதன்று. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும், ஏந்திக்கொண்டு ஓடியும், தலைக்கவசமணிந்த வீரர்கள் மோதிக்கொள்ளும் விளையாட்டு அது. றகரின் வழித்தோன்றல் என்பது பார்த்தவுடனேயே புலப்படும். தேசிய உதைபந்தாட்ட லீக்கின் அணிகள் 2021ஆம் ஆண்டு முதல் வழமையான பருவகாலத்தில் பதினேழு போட்டிகளில் மாத்திரமே விளையாடுகின்றன. ஆகவே ஓர் ஊரார் தமது அணியைச் சொந்த மண்ணில் காணக்கூடியது ஆண்டில் எட்டு அல்லது ஒன்பது தடவைகள்தான். பக்கர்ஸும் பெயார்ஸும் ஒரே பிரிவைச் சேர்ந்தவையாதலால் ஆண்டுதோறும் இருமுறை சந்திக்கின்றன. ஒருமுறை அங்கே, மறுமுறை இங்கே. இந்த அருமையே ஒவ்வொரு போட்டியையும் ஒரு திருவிழாவாக்குகின்றது.

மைதான வாயில்கள் திறக்கப்படுவதற்குப் பல மணித்தியாலங்களுக்கு முன்னரே வாகனத் தரிப்பிடங்கள் நிறைந்துவிடும். இடம் கிடைக்காதவர்களுக்கு மைதானத்தைச் சூழவுள்ள வீட்டுக்காரர் தமது முற்றங்களையும் புற்றரைகளையும் கட்டணத்துக்கு விடுகின்றனர். வாகனத்தின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கரியடுப்பை மூட்டி, குடும்பத்தாரும் நண்பர்களும் கூடி உண்பதை அங்கு 'ரெயில்கேற்றிங்' என்பர். விஸ்கொன்சினில் அவ்வடுப்பின் மீது தவறாது இடம்பெறுவது 'பிராட்வேர்ஸ்ட்' என்னும் சொசேஜ். வெங்காயத்துடன் பியரில் கொதிக்கவைத்து, பின்னர் தணலில் வாட்டியெடுக்கும் இவ்வுணவு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருந்தொகையாக வந்து குடியேறிய ஜேர்மானியர் விட்டுச்சென்ற சுவையாகும். அயலில் நிறுத்தியிருப்பவர் முன்பின் அறியாதவராயினும் அவருக்கும் ஒரு துண்டு கொடுக்கப்படும். பெயார்ஸின் கருநீலமும் செம்மஞ்சளும் அணிந்து வந்திருப்பவருக்கும் அது கிடைக்கும். கூடவே சில கேலி வார்த்தைகளும் கிடைக்கும்.

கார்த்திகை, மார்கழி மாதப் போட்டிகளுக்கு வேறு வகையான ஆயத்தமும் வேண்டும். லம்போ மைதானம் கூரையற்றது. இருக்கைகளிற் பெரும்பாலானவை முதுகு சாய்ப்பற்ற உலோக வாங்குகள். 1967ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் திகதி டலஸ் அணியுடனான இறுதிப் போட்டி, வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 25 பாகை செல்சியஸாக இருந்தபோது நடைபெற்றது. அன்று நேரில் இருந்ததாகச் சொல்லிக்கொள்வதை இன்றளவும் ஒரு பட்டம் போலக் கருதுகின்றனர். அனுபவமிக்க இரசிகர் மான்வேட்டைக்கு அணியும் தடித்த உடைகளை அடுக்கடுக்காக அணிந்து, காலடியில் போடுவதற்கு ஒரு காட்போட் துண்டையும் எடுத்து வருவர். சீமெந்துத் தரையின் குளிர் பாதம் வழியே ஏறாதிருக்க அதைவிடச் சிறந்த உபாயம் இல்லையாம். கடும்பனி பெய்துவிட்டால், இருக்கைகளிலிருந்து பனியை அள்ளுவதற்குக் கழகம் பொதுமக்களைக் கூலிக்கு அழைக்கும். விடியற்காலையிலேயே வரிசை கூடிவிடும்.

தலையில் பாற்கட்டித் துண்டு வடிவிலான மஞ்சள் தொப்பி அணிந்தோரையும் காணலாம். விஸ்கொன்சின் பாற்பண்ணைகளின் மாநிலம். எல்லைக்கப்பாலுள்ள இல்லினோய் மாநிலத்தார் அவர்களை 'பாற்கட்டித் தலையர்' என்று ஏளனம் செய்து வந்தனர். 1987ஆம் ஆண்டு ரால்ஃப் புருனோ என்ற இளைஞர் சோபா மெத்தையின் பஞ்சை வெட்டி, அவ்வேளனத்தையே தொப்பியாக்கி அணிந்து ஒரு பேஸ்போல் ஆட்டத்துக்குச் சென்றார். வசைச்சொல் அடையாளச் சின்னமாயிற்று. அதனைத் தயாரித்த நிறுவனத்தை 2023இல் பக்கர்ஸ் கழகமே விலைக்கு வாங்கிக்கொண்டது.

இவ்விரு அணிகளும் முதன்முதலில் மோதியது 1921ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் திகதியாகும். அப்போது 'ஸ்ரேலீஸ்' என்ற பெயரைத் தாங்கியிருந்த சிக்காகோ அணி 20க்கு 0 என வென்றது. அதன்பின் வந்த நூறாண்டில் வன்முறைக்கும் குறைவிருக்கவில்லை. 1986இல் பந்தை எறிந்து முடித்துவிட்டு நின்ற சிக்காகோ வீரர் ஜிம் மக்மகோனை, பக்கர்ஸ் வீரரொருவர் தூக்கித் தரையில் அறைந்து இரு போட்டித் தடைக்கு உள்ளானார். இதனைப் பகை என்று சொல்வதில் தவறில்லை. ஆயினும் அதன் வரலாற்றில், பகைக்குள் அடங்காத ஓர் அத்தியாயமும் உண்டு.

1950களின் நடுப்பகுதியில் கிறீன் பேயின் பழைய மைதானம் லீக்கின் ஏனைய கழகங்களுக்குப் போதாததாகிவிட்டது. புதிய மைதானம் கட்டப்படாவிடின் கழகமே ஊரைவிட்டுப் போகும் நிலை. பிணைமுறி வெளியிட்டு நிதி திரட்டுவது பற்றி 1956 ஏப்ரலில் நகரமக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. அதற்கு முன்னர் கூட்டப்பட்ட ஆதரவுக் கூட்டத்தில், மைதானத்தைக் கட்டுங்கள் என்று அவ்வூராரிடம் வேண்டிப் பேசியவர் வேறு யாருமல்லர். சிக்காகோ பெயார்ஸின் நிறுவுநரும் உரிமையாளருமான ஜோர்ஜ் ஹலாஸ். மக்கள் பெரும்பான்மையாக ஆதரித்தனர். 1957 செப்டெம்பர் 29இல் புதிய மைதானம் திறக்கப்பட்டபோது முதல் விருந்தாளியாக வந்த அணியும் ஹலாஸுடையதே. 21க்கு 17 என்று அவர் தோற்றுத் திரும்பினார். ஹலாஸின் உதவியில் சுயநலமும் இருந்திருக்கலாம். எதிரி இல்லாமற்போனால் யாருடைய ஆட்டத்தைப் பார்க்கச் சிக்காகோவில் நுழைவுச்சீட்டு விற்பது?

இரு கழகங்களுக்கும் இடையிலான பெரிய வேறுபாடு உரிமை பற்றியது. பெயார்ஸ் ஹலாஸ் குடும்பத்தின் சொத்து. பக்கர்ஸோ 1923 முதல் பொதுமக்களின் பங்குகளாலான இலாபநோக்கற்ற நிறுவனம். பங்குதாரர்கள் இன்று ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர். அப்பங்குக்குப் பங்கிலாபம் கிடையாது, சந்தையில் விற்கவும் முடியாது, நுழைவுச்சீட்டில் முன்னுரிமைகூடக் கிடையாது. இருந்தும் 2021இல் ஒரு பங்கு 300 டொலர் என்று விற்பனைக்கு வந்தபோது மக்கள் வாங்கினர். இத்தகைய பொது உரிமைக்கு லீக்கின் விதிகள் ஏனைய கழகங்களுக்கு இடமளிப்பதில்லை. கழகத்தின் வரவு செலவுக் கணக்கும் ஆண்டுதோறும் பகிரங்கமாகின்றது. 2021 ஒக்டோபரில், பக்கர்ஸின் அப்போதைய நட்சத்திரமான ஆரோன் றொட்ஜர்ஸ், சிக்காகோ மைதானத்தில் புள்ளி ஈட்டிவிட்டு, தானே இன்னமும் அவர்களின் உடைமையாளன் என்று இரசிகர்களை நோக்கிக் கத்தினார். அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்களோ, வீட்டுச் சுவரில் பங்குச் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டியிருந்த ஆசிரியரும் பண்ணையாளருமான சாதாரண மக்கள்.

இவ்வளவு சிறிய ஊர் பெருநகரங்களுடன் ஈடுகொடுப்பதற்கு இரசிகரின் அன்பு மட்டும் போதாது. 1961இல் அமெரிக்கக் கொங்கிரஸ் நிறைவேற்றிய சட்டமொன்று, அணிகள் தமது தொலைக்காட்சி உரிமைகளைக் கூட்டாக விற்க அனுமதித்தது. அவ்வருமானம் சமமாகப் பகிரப்படுகின்றது. நியூயோர்க் அணிக்கும் கிறீன் பேக்கும் ஒரே தொகை. இதுவல்லாவிடில் பக்கர்ஸ் என்றோ மறைந்திருக்கும். மைதானத்தைப் புதுப்பிக்க 2000ஆம் ஆண்டில் பிறவுண் கவுண்டி வாக்காளர் அரை வீத விற்பனை வரியைத் தம்மீது தாமே விதித்துக்கொண்டனர். 2015இல் அது நிறுத்தப்பட்டது. சீட்டு வாங்க வழியற்ற ஏழையும் அவ்வரியைச் செலுத்தினார் என்பதை மறந்துவிடலாகாது.

சிக்காகோவில் இப்பிரச்சினை வேறு உருவில் எழுந்தது. 1971 முதல் பெயார்ஸ் விளையாடிவந்த சோல்ஜர் பீல்ட், நகரப் பூங்கா அதிகாரசபைக்குச் சொந்தமான போர் நினைவு மைதானம். 2023இல் கழகம் ஆர்லிங்டன் ஹைற்ஸ் புறநகரில் பழைய குதிரைப்பந்தயத் திடலை 197 மில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. புதிய மைதானத்துக்கு அரசு எவ்வளவு கொடுப்பது, வரிச் சலுகை எவ்வளவு என்ற வாதம் அதன்பின் பல ஆண்டுகளாக நீண்டது. ஏரிக்கரையோரம் தந்தையுடன் நடந்துவந்து ஆட்டம் பார்த்துப் பழகியவர்களிடம் இத்தீர்மானம் குறித்து எவரும் வாக்குக் கேட்கவில்லை.

கிறீன் பேயில் பருவகால நுழைவுச்சீட்டுகள் 1960 முதல் முற்றாக விற்றுத் தீர்ந்தவை. காத்திருப்போர் பட்டியலில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. பிள்ளை பிறந்தவுடனேயே அதன் பெயரைப் பட்டியலில் பதிந்துவிடும் பெற்றோர் உண்டு. சீட்டு கைக்கு வரும்போது அப்பிள்ளை பேரப்பிள்ளை கண்டிருக்கக்கூடும். அதுவரை அவருக்கு வாகனத் தரிப்பிடம் இருக்கின்றது, கரியடுப்பும் வானொலிப் பெட்டியும் இருக்கின்றன. மைதானத்துக்குள்ளிருந்து எழும் ஆரவாரத்தைக் கேட்டே புள்ளி யாருக்கென்று சொல்லிவிடுவார்.