சைபீரியக் குளிரும் செம்பவாங் அலமாரியும்

டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு ஜப்பானுக்கோ கொரியாவுக்கோ கிளம்பும் குடும்பங்கள் செம்பவாங் வீவக வீடுகளில் பாம் ஷெல்டரைத் திறந்து பெட்டியை வெளியே இழுக்கும் மாதம் நவம்பர். போன ஆண்டு மடித்து வைத்த கம்பளிக் கோட்டின் காலரிலும் அக்குள் பக்கத்திலும் சாம்பல் கலந்த வெள்ளையாக ஏதோ படிந்திருக்கும். விரல் பட்டால் ஒட்டிக்கொள்ளும், மக்கல் வாடை மூக்கில் ஏறும். தூசி என்று நினைத்துத் தட்டிவிட்டு அப்படியே பெட்டியில் வைப்பவர்கள் உண்டு. அது பூஞ்சை. வெளியூர்க் குளிருக்காக வாங்கிய துணியைப் பதினொரு மாதம் உள்ளூர் ஈரத்திலிருந்து காப்பாற்றுவதுதான் நமக்குக் குளிர்கால ஆயத்தம்.

அந்த ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டுவதும் ஒரு வகையில் குளிர்காலமே. வடக்கே சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் நிலம் உறையும்போது கனத்த குளிர்காற்று அங்கே திரண்டு, அவ்வப்போது தெற்கே பாய்கிறது. தென்சீனக் கடலைத் தாண்டும் வழியில் அது சூடேறுகிறது, கூடவே ஏராளமான நீராவியையும் சேர்த்துக்கொள்கிறது. சிங்கப்பூருக்கு வந்து சேரும்போது குளிர் போய் மழை மிஞ்சுகிறது. 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாட்களில் சாங்கியில் பெய்த மழை, ஜனவரி முழுவதற்குமான சராசரியையே தாண்டிவிட்டது. இத்தனைக்கும் இந்தத் தீவில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை 19 டிகிரி செல்சியஸ். 1989 பிப்ரவரி 14, பாய லேபார். ஸ்வெட்டர் போடும் அளவுக்கு இங்கே குளிர்ந்ததே இல்லை.

ஆனால் வீட்டுக்குள் நாமே ஒரு குளிர்காலத்தை உண்டாக்கி வைத்திருக்கிறோம். அலமாரியின் கதை இங்கேதான் தொடங்குகிறது.

28 டிகிரி வெப்பத்தில் 82 விழுக்காடு ஈரப்பதம் என்பது நமக்கு வெகு சாதாரணமான நாள். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 22 கிராம் நீராவி இருக்கும். இதே காற்றை 24.5 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதற்கு மேல் நீராவியைத் தாங்க இயலாமல் நீராகப் படியத் தொடங்கும். இரவு முழுக்க ஏர்கானை 23-இல் வைத்துத் தூங்குகிறோம். சுவரும் அலமாரிப் பலகையும் உள்ளே தொங்கும் துணியும் அந்த அளவுக்குக் குளிர்ந்துவிடுகின்றன. காலையில் எழுந்து நல்ல காற்று வரட்டும் என்று சன்னலைத் திறக்கிறோம். வெளிக்காற்று நேராக வந்து குளிர்ந்த பரப்பில் பட்டு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலமாகிறது. பக்கத்து அறையில் ஏர்கான் ஓடினாலும் போதும், பொதுச் சுவரின் இந்தப் பக்கம் ஒட்டி நிற்கும் அலமாரியின் முதுகு நனையும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போடச் சொல்வதும், ஏர்கானை நிறுத்தியபின் அறை கொஞ்சம் சூடேறும்வரை அலமாரியைத் திறக்காமல் இருக்கச் சொல்வதும் இதனால்தான்.

பூஞ்சைக்குச் சொட்டச் சொட்ட ஈரம் தேவையில்லை. பரப்பை ஒட்டிய காற்றில் 75, 80 விழுக்காடு ஈரப்பதம் சில நாட்கள் நீடித்தால் போதும், எங்கும் மிதக்கும் வித்துகள் முளைத்துவிடும். மீதிக்கு உணவு வேண்டும். அதை வியர்வையும் தோல் எண்ணெயும் புடவைக்குப் போட்ட கஞ்சியும் கொடுக்கின்றன. காலரிலும் அக்குளிலும் முதலில் பூப்பது அதனால்தான். 65 விழுக்காடு ஈரப்பதத்தில் ஒரு கிலோ உலர்ந்த கம்பளி சுமார் 160 கிராம் நீரைத் தன் இழைகளுக்குள் வைத்துக்கொள்ளும். பட்டு 110 கிராம், பருத்தி 80 கிராம் அளவுக்கு. பாலியெஸ்டர் வெறும் 4 கிராம். தொட்டுப் பார்த்தால் கம்பளி உலர்ந்ததாகவே தெரியும். கையை நம்பி அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கி மூடினால், உள்ளிருக்கும் நீரையும் சேர்த்தே பூட்டுகிறோம்.

அடுத்து பூச்சி. வீவக வீட்டுச் சுவரில், அலமாரிக்குக் கீழே, பூசணி விதை போன்ற சாம்பல்நிறக் கூடு ஒன்று ஒட்டிக் கிடப்பதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. சென்டிமீட்டர் நீளம், இரண்டு முனையும் திறப்பு. தூசி, மணல், நூல் துணுக்கு எல்லாவற்றையும் தன் பட்டிழையால் ஒட்டிப் புழு கட்டிய வீடு அது. எந்த முனை வழியாகவும் தலையை நீட்டி நகரும். இது அந்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சிலந்தி வலையும் உதிர்ந்த முடியும் அதற்கு இரை, கம்பளி கிடைத்தாலும் விடாது. துணியரிக்கும் அந்தின் புழுவோ கம்பளியையே நம்பி வாழ்வது. முடி, இறகு, கம்பளி மூன்றையும் ஆக்கிய கெரட்டின் புரதத்தில் கந்தகப் பிணைப்புகள் உண்டு. பெரும்பாலான உயிர்களால் அவற்றை உடைக்க முடியாது, இந்தப் புழுவின் குடல் உடைத்துவிடும். வியர்வைக் கறை படிந்த இடத்தைத் தேடித் தின்னும். பயணம் முடிந்து வந்ததும் கோட்டைச் சுத்தம் செய்யாமல் மாட்டிவிடுவது அந்தைக் கூப்பிட்டு விருந்து வைப்பதற்குச் சமம்.

உடனே கை நீளுவது அந்துருண்டைக்கு. இதைப் பற்றிச் சிங்கப்பூர்க் குடும்பங்கள், குறிப்பாகப் பேறுகாலம் நெருங்கும் வீடுகள், கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளை உருண்டைகளில் பல நாப்தலீனால் ஆனவை. உருகாமலேயே ஆவியாகித் துணியில் ஏறும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தையின் உடலுக்குள் அது போனால் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை ஏறி, பிலிருபின் மூளையில் படியும். உயிர் போகலாம், பிழைத்தாலும் மூளை ஊனமாகலாம். இந்த நாட்டில் பிறந்த குழந்தைகள் அப்படி இறந்துகொண்டிருந்த காலத்தில், குழந்தை மருத்துவப் பேராசிரியர் வோங் ஹோக் பூன் இந்தக் குறைபாட்டுக்கும் காமாலைக்கும் உள்ள தொடர்பை எடுத்துக் காட்டினார். 1965 முதல் இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி சோதனை நடக்கிறது. மூளை வரை போகும் காமாலை அதன்பின் அரிதாகிப்போனது. குறைபாடுள்ள குழந்தையின் பெற்றோருக்குத் தரும் அறிவுரைகளில் அந்துருண்டை வைத்த துணி ஆகாது என்பது முக்கியமான ஒன்று. மூத்த பிள்ளையின் பழைய சட்டையையும் பாட்டியின் கம்பளிச் சால்வையையும் அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே பச்சைக் குழந்தைக்குச் சுற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த அலமாரியில் அந்துருண்டை இருக்கவே கூடாது.

அந்தைக் கொல்ல வேறு வழி இருக்கிறது. ஸ்வெட்டரைப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துப்போகும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன அதே நீர்ப்படலம் துணிமீது படியும்.

கடைகளில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் இருப்பது கால்சியம் குளோரைடு. காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து, அடியில் உப்புநீராக நிற்கும். மூடிய அலமாரியில் நன்றாகவே வேலை செய்யும். திறந்து வைத்தால் செம்பவாங் கடற்கரைக் காற்று முழுவதையும் உலர்த்தப் பார்த்து இரண்டு வாரத்தில் நிரம்பிவிடும். அந்த நீர் சாய்ந்து பட்டிலோ தோல் செருப்பிலோ பட்டால் சரிசெய்ய வழியே இல்லை. கீழ்த்தட்டில், துணி தொடாத மூலையில் வைப்பதே நல்லது.

காஞ்சிப் பட்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தீபாவளிக்குத் தேக்காவில் வாங்கிக் கட்டிய புடவையை உள்ளே வைக்கும் நேரமும், மழைக்காலம் தொடங்கும் நேரமும், ஜப்பான் ஸ்வெட்டர் வெளியே வரும் நேரமும் ஒன்றாகவே அமைகின்றன. அசல் சரிகை என்பது பட்டு நூலில் சுற்றி மேலே தங்கம் பூசிய வெள்ளிக் கம்பி. கம்பளியிலிருந்து கந்தகச் சேர்மங்கள் சிறுகச் சிறுக ஆவியாகின்றன. ஈரக்காற்றில் அவை வெள்ளியோடு சேர்ந்து சரிகையைக் கறுக்க வைக்கும். வெள்ளிப் பொருட்களைக் காட்சிக்கு வைக்கும் பெட்டிகளில் அருங்காட்சியகங்கள் கம்பளித் துணியைத் தவிர்ப்பது இதற்காகத்தான். எனவே ஸ்வெட்டரையும் பட்டுப்புடவையையும் ஒரே தட்டில் அடுக்க வேண்டாம். புடவையைக் கஞ்சி போடாத, துவைத்த பழைய வேட்டியில் சுற்றுவது நம் பாட்டிமார் செய்தது. அது இன்றைய இழை அறிவியலும் ஒப்புக்கொள்ளும் முறை. பருத்தி ஈரத்தின் ஏற்ற இறக்கத்தை முதலில் தான் வாங்கிக்கொள்ளும்.

மொத்த அலமாரியையும் கலைத்து அடுக்க உகந்தது பிப்ரவரி. ஆண்டிலேயே மழை குறைந்த மாதம். மழையில்லாத பிற்பகல்களில் ஈரப்பதம் 60 விழுக்காட்டுப் பக்கம் இறங்கும். அந்த இரண்டு மூன்று மணி நேரம் கதவை அகலத் திறந்து விசிறி போட்டு, கோட்டின் பைகளை வெளியே இழுத்து, புடவையை மடிப்பு மாற்றி மடித்து, பொழுது சாயும் முன்னே மூடிவிட வேண்டும். இருட்டியபின் ஈரப்பதம் ஏறத் தொடங்கி, விடியுமுன் 90-ஐத் தாண்டிவிடும்.