பத்துக் கதிரா, பதினைந்து கதிரா?

எங்கள் கடத்தூர்ப் பக்கத்துச் சந்தைகளிலும் பேருந்துகளிலும் பத்து ரூபாய்க் காசை நீட்டினால், "இது செல்லாதுங்க, நோட்டாக் குடுங்க" என்ற பதில் 2016-க்குப் பின் பல ஆண்டுகள் வழக்கமாகக் கேட்டது. தமிழ்நாட்டின் பிற ஊர்களிலும் இதே கதைதான். செல்லாது என்றவர்கள் ஓர் 'இலக்கணமும்' வைத்திருந்தனர்: பத்துக் கதிர்களும் ரூபாய்க் குறியும் இருந்தால் நல்ல காசு, பதினைந்து கதிர்கள் இருந்து குறி இல்லையேல் கள்ளக் காசு!

உண்மை என்ன? ரூபாய்க்கெனத் தனிக்குறி 2010-இல்தான் ஏற்கப்பட்டது. அதை வரைந்தவர் தமிழரான உதயகுமார். 2011 முதல் அக்குறி காசுகளில் பொறிக்கப்பட்டது, கதிர்களும் பத்தாயின. பதினைந்து கதிர்க் காசு அதற்கு முந்தியது, அவ்வளவே. பதினான்கு வகைப் பத்து ரூபாய்க் காசுகள் வெளியாகியுள்ளன, அனைத்தும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது.

அச்சத்துக்குச் சிறிது அடிப்படையும் இருந்தது. 2016-இல் தில்லியைச் சேர்ந்த பவானாவில் கள்ளக் காசுப் பட்டறை ஒன்று பிடிபட்டது. ஆனால் கள்ளக் காசைக் கதிர்களை எண்ணிக் கண்டுபிடிக்க முடியுமா? படத்தை நகல் எடுப்பதுதான் கள்ளனுக்கு எளிது. கடினமானது உலோகம்.

பத்து ரூபாய்க் காசின் வெளி வளையம் மஞ்சள், நடுவட்டம் வெள்ளை. இரண்டும் வெவ்வேறு உலோகக் கலவைகள். இவற்றைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. வளையத்துக்குள் வட்டத்தை வைத்து, இரு அச்சுகளுக்கிடையே பேரழுத்தத்தில் அடிக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் உலோகம் உருகாமலேயே சற்று நகர்ந்து, ஒன்றையொன்று கவ்விக்கொள்கிறது. இத்தகைய இரட்டை உலோகக் காசை இக்காலத்தில் முதலில் புழக்கத்துக்கு விட்டது இத்தாலி. 1982-இல், 500 லீரா.

காசு போட்டால் பொருள் தரும் எந்திரங்கள் காசின் படத்தைப் பார்ப்பதில்லை. மாறுதிசை மின்னோட்டம் பாயும் கம்பிச் சுருளின் அருகே காசு உருளும்போது, அதில் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவற்றின் அளவு காசின் மின்கடத்து திறனைப் பொறுத்தது. அதிர்வெண் மிகுந்தால் மின்னோட்டம் காசின் தோலோடு நின்றுவிடும். குறைந்தால் உள்ளே இறங்கும். ஆகவே இரு அதிர்வெண்களில் சோதித்தால், மேலே பூச்சும் உள்ளே மட்டமான உலோகமும் கொண்ட காசு அகப்பட்டுக்கொள்ளும். நம் கண்ணை ஏமாற்றும் முலாம் இங்கே பலிக்காது.

காசையே மாற்றி அமைத்த நாடு இங்கிலாந்து. 1983-இல் வந்த வட்டமான ஒரு பவுன் காசில், 2014 அளவில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று கள்ளக் காசுகள் எனக் கணக்கிட்டனர். 2017 மார்ச் 28-இல் பன்னிரு பக்கங்களும் இரு உலோகங்களும் கொண்ட புதுக் காசு வந்தது. அதைச் சற்றே சாய்த்தால் பவுன் குறி மறைந்து '1' என்ற எண் தோன்றும். இவ்வேலைப்பாட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அதே ஆண்டு அக்டோபர் 15-இல் பழைய காசு செல்லாததாயிற்று. கடைக்காரர் நினைவில் வைக்க வேண்டியது ஒரே வடிவம்.

நாமோ புதிய வடிவங்களை வெளியிட்டுக்கொண்டே, பழையவற்றையும் செல்ல விட்டோம். ஏழை எளியவர் கையிருப்பு வீணாகாது என்ற வகையில் இது நல்லதே. ஆனால் ஒரே மதிப்புக்குப் பதினான்கு முகங்கள் இருந்தால், பழக்கமில்லாத முகத்தின் மேல் ஐயம் எழத்தானே செய்யும்? 2019-இல் அறிவிக்கப்பட்ட இருபது ரூபாய்க் காசுக்குப் பன்னிரு பக்கங்கள். பார்வையற்றவரும் விரலால் தடவியே அறியலாம்.

பத்து ரூபாய்க் காசின் விட்டம் 27 மில்லிமீட்டர், எடை சுமார் 7.7 கிராம். மளிகைக் கடையின் மின்னணுத் தராசில் பத்துக் காசுகளை வைத்துப் பாருங்கள். பத்துக் கதிரானாலும் பதினைந்து கதிரானாலும் 77 கிராமை ஒட்டியே காட்டும். தேய்ந்த காசுகளானால் சற்றுக் குறையலாம்.