மோப்பம் மட்டும் போதாது: சிதம்பரத்து ஹாம்ஸ்டர், கடலூர் மூக்கு, திண்டுக்கல் வினிகர்

‘ஊதினாலே புற்றுநோய் தெரிந்துவிடும்’ என்கிற மாதிரி செய்தி வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது கண்ணில் படுகிறது. ஒரு சின்னக் கருவி, அதில் மூச்சு விட வேண்டியது, உள்ளே இருக்கிற சென்சாரும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்து பதில் சொல்லிவிடும், துல்லியம் 90 சதவீதம். நண்பர்கள் இதை எனக்கு ஃபார்வர்டு பண்ணி, “நீ இதையெல்லாம் படிக்கிறவன்தானே, உண்மையா?” என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த 90 சதவீதம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதற்கு ஒரு வாட்ஸ்அப் பதில் போதாது. அதனால் இந்தக் குறிப்பு.

நான் மென்பொருள் ஆள், மருத்துவன் இல்லை. சொந்த ஊர் கடலூர், பி.இ. படித்தது சிதம்பரத்தில். இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள அமெரிக்காவுக்கோ இஸ்ரேலுக்கோ மட்டும் போக வேண்டியதில்லை. இந்த இரண்டு ஊரிலும், கொஞ்சம் தள்ளி திண்டுக்கல்லிலும் நல்ல பாடங்கள் இருக்கின்றன.

மின்னணு மூக்கு என்ன செய்கிறது?

1971-ல் வேதியியலாளர் லைனஸ் பாலிங், மனிதர் விடும் மூச்சை உறைய வைத்துப் பிரித்துப் பார்த்தார். சுமார் 250 வேதிப்பொருட்கள் இருந்தன. உடம்புக்குள் நடக்கும் ரசாயன வேலைகளின் கழிவு ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சம் வெளியே வருகிறது. புற்றுநோய் செல் சாதாரண செல் மாதிரி உண்பதில்லை, வளர்வதில்லை. அப்படியானால் அதன் கழிவும் வேறு மாதிரிதானே இருக்க வேண்டும்? மூச்சுப் பரிசோதனையின் அடிப்படை இவ்வளவுதான்.

1982-ல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணா பெர்சாடும் ஜார்ஜ் டாடும் மின்னணு மூக்கு பற்றிய கட்டுரையை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அதில் பயன்பட்டது டின் ஆக்சைடு வகை சென்சார். சூடான டின் ஆக்சைடின் மேல் ஆக்சிஜன் ஒட்டியிருக்கும். எரியக்கூடிய வாயு ஏதாவது வந்து பட்டால் அந்த ஆக்சிஜன் செலவாகும், சென்சாரின் மின்தடை மாறும். ஒரே சிக்கல், ஆல்கஹால் வந்தாலும் மாறும், அசிட்டோன் வந்தாலும் மாறும். தனியாகப் பார்த்தால் இது உதவாக்கரை சென்சார்.

ஆனால் வெவ்வேறு அளவில் எதிர்வினை காட்டும் பல சென்சார்களை வரிசையாக வைத்தால், ஒவ்வொரு வாசனைக்கும் ஒரு எண் வரிசை கிடைக்கும். நம்ம மூக்கும் அப்படித்தான். பக்கத்து வீட்டில் ரசம் கொதித்தால் ‘மிளகு இத்தனை, பெருங்காயம் இத்தனை’ என்று மூக்கு கணக்கெழுதுவதில்லை. மொத்தமாக ஒரு வடிவம் வருகிறது, மூளை ‘ரசம்’ என்கிறது. மூளையின் அந்த வேலையைக் கருவியில் மென்பொருள் செய்கிறது.

இஸ்ரேலின் டெக்னியான் நிறுவனத்தில் ஹோசம் ஹாயிக் குழு, தங்க நானோ துகள் சென்சார்களால் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 2017-ல் வந்த அவர்கள் ஆய்வில் 1,404 பேரின் மூச்சை வைத்து 17 நோய்களைப் பிரித்துப் பார்த்தார்கள். துல்லியம் 86 சதவீதம். நல்ல வேலை, சந்தேகமில்லை.

மென்பொருள் எதைக் கற்றுக்கொண்டது?

இயந்திரக் கற்றலில் வேலை செய்தவர்களுக்கு இங்கே ஒரு மணி அடிக்கும். ஒரு உதாரணம். புற்றுநோய் உள்ள 40 பேரின் மூச்சை ஆஸ்பத்திரி வார்டில் எடுக்கிறோம். நோய் இல்லாத 40 பேர் கல்லூரி மாணவர்கள், அவர்கள் மூச்சை கல்லூரி ஆய்வகத்தில் எடுக்கிறோம். மென்பொருள் பிரமாதமாகப் பிரித்துக் காட்டும். ஆனால் அது கற்றது புற்றுநோயையா, வார்டின் ஃபினாயில் வாசனையையா? வயது வித்தியாசத்தையா? காலையில் குடித்த காபியையா? பீடியையா? மென்பொருளுக்கு எது சுலபமோ அதைத்தான் அது பிடித்துக்கொள்ளும். நாம் கேட்ட கேள்வி என்ன என்று அதற்குத் தெரியாது.

மரபணு அளவில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. மனிதனுக்குப் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. ஒவ்வொன்றையும் ‘தற்செயலாக இப்படி வர 5 சதவீத வாய்ப்பே உண்டு’ என்கிற வழக்கமான அளவுகோலால் சோதித்தால், நோய்க்குச் சம்பந்தமே இல்லாவிட்டாலும் 1,000 மரபணுக்கள் சம்பந்தம் இருப்பது போலக் கைதூக்கும். கணினி உயிரியலின் பாதி வேலை, இந்தப் பொய்க் கைகளை இறக்கி விடுவதுதான்.

சிதம்பரம் இங்கேதான் வருகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில், சித்தவரம் நாகினி போன்றவர்கள் பல வருஷமாக ஹாம்ஸ்டரை வைத்து வாய்ப் புற்றுநோயை ஆராய்ந்தவர்கள். ஹாம்ஸ்டர் என்பது எலி மாதிரி ஒரு சின்னப் பிராணி. தீனியைச் சேர்த்து வைக்க அதற்குக் கன்னத்துக்குள் ஒரு பை உண்டு. டி.எம்.பி.ஏ. என்கிற ரசாயனத்தை அந்தப் பைக்குள் வாரம் மூன்று முறை, 14 வாரம் தடவினால் புற்றுநோய் வரும். ஒரே நாளில் வராது. முதலில் செல்கள் அதிகமாகும், பிறகு வடிவம் கெடும், கடைசியில் கட்டி.

கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆராய்ச்சிக்கு இது என்ன தருகிறது என்று பாருங்கள். எல்லா ஹாம்ஸ்டருக்கும் ஒரே வயது, ஒரே தீனி, ஒரே அறை. ஒரு கூட்டத்துக்கு ரசாயனம் தடவியாகிறது, இன்னொன்றுக்கு இல்லை. வார்டு வாசனைக் குழப்பம் இங்கே கிடையாது. அதைவிட முக்கியம், கடிகாரம் நம் கையில் இருக்கிறது. கட்டி தெரிவதற்கு எத்தனை வாரம் முன்னால் சிக்னல் மாறுகிறது என்று கேட்க முடியும். ‘ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தல்’ என்பதற்கு உண்மையான அர்த்தமே அதுதான். முற்றிய புற்றுநோயைப் பிடிக்கும் கருவி 99 சதவீதம் சரியாகச் சொன்னாலும், அதை டாக்டர் கண்ணாலேயே பார்த்துவிடுவார்.

இதே ஹாம்ஸ்டர் கன்னப்பையை வைத்து, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வெங்கடேசன், அருணா, கணேசன் ஆகியோர் 1998-ல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர்’ இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். திசுவின் மேல் ஒளியைப் பாய்ச்சி, திசு தானாகத் திருப்பி ஒளிர்வதை அளப்பது. திசுவில் இருக்கிற கொலாஜன், போர்ஃபைரின் போன்ற பொருட்கள் ஒவ்வொன்றும் தனித்தனி நிறத்தில் ஒளிரும், திசு கெடும்போது அந்தக் கலவை மாறும். வாசனைக்குப் பதில் ஒளி, தத்துவம் அதேதான்.

ஒரு எச்சரிக்கை. ஹாம்ஸ்டர் பான்பராக் போடுவதில்லை. ஒரே ரசாயனத்தால் 14 வாரத்தில் வரும் புற்றுநோயும், புகையிலையால் 20 வருஷத்தில் வரும் புற்றுநோயும் ஒன்றல்ல. அங்கே கிடைக்கும் சிக்னலை மனிதரிடம் மறுபடி சோதித்தே ஆக வேண்டும்.

ஒரு லட்சம் பேர் கணக்கு

சரி, எல்லாக் குழப்பத்தையும் நீக்கி, நேர்மையான 90 சதவீதக் கருவி ஒன்று செய்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். நோய் உள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கும். நோய் இல்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விட்டுவிடும். இதை ஒரு லட்சம் பேரிடம் கொண்டுபோவோம். கணக்குக்காக, அவர்களில் 100 பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

கருவி அந்த 100 பேரில் 90 பேரைப் பிடிக்கும். மீதி 99,900 பேரில் பத்து சதவீதம், அதாவது 9,990 பேரையும் ‘உனக்கு இருக்கு’ என்று பயமுறுத்தும். மொத்தம் 10,080 பேருக்குச் சிவப்பு விளக்கு. அதில் நிஜம் 90. சிவப்பு விளக்கு எரிந்த 112 பேரில் ஒருவருக்குத்தான் நோய்!

கருவி பொய் சொல்லவில்லை, 90 சதவீதமும் உண்மை. நோய் அரிதாக இருப்பதால் வரும் விளைவு இது. சரிசெய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆபத்து அதிகம் உள்ளவர்களை மட்டும் சோதிப்பது. புகையிலை போடுபவர்களில் லட்சத்துக்கு 500 பேருக்கு நோய் என்று வைத்தால், 112 பேரில் ஒருவர் என்பது 23 பேரில் ஒருவர் என்றாகும். இன்னொன்று, சிவப்பு விளக்கு எரிந்தவர்களை வேறு வகையான இரண்டாவது சோதனைக்கு அனுப்புவது. அதுவும் 90 சதவீதம் என்றால் 13 பேரில் ஒருவர். ‘வேறு வகையான’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு சோதனையும் ஒரே பீடிப் புகையில் ஏமாறும் என்றால் இரண்டாவதால் பயனில்லை.

கடலூர் மூக்கு

இரண்டு கட்டச் சோதனைக்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் எங்கள் ஊர் சிப்காட். உப்பனாற்றுக் கரையில் ரசாயனத் தொழிற்சாலைகள், அவற்றை ஒட்டி ஈச்சங்காடு, குடிகாடு, செம்மங்குப்பம் போன்ற கிராமங்கள். ‘நாத்தம் தாங்கல’ என்று மக்கள் பல வருஷம் புகார் சொன்னார்கள். வெறும் நாற்றத்தை யார் ஆதாரமாக எடுத்துக்கொள்வார்கள்?

2004 வாக்கில் கிராமத்து ஆட்களே பயிற்சி எடுத்துக்கொண்டு கண்காணிப்பில் இறங்கினார்கள். என்ன வாசனை, எந்த நேரம், காற்று எந்தப் பக்கம், கண் எரிந்ததா என்று குறித்து வைத்தார்கள். அப்புறம் ‘பக்கெட்’ முறை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மக்கள் 1990-களில் பயன்படுத்தத் தொடங்கியது. ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் ஒரு தனி வகைப் பை, நாற்றம் வரும் நேரத்தில் அதில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. 2004-ல் வெளியான முடிவில் 22 நச்சு ரசாயனங்கள் இருந்தன, அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை.

பொறியாளர் கண்ணால் பாருங்கள். மூக்கு முதல் சென்சார்: மலிவு, 24 மணி நேரமும் வேலை, ஆனால் பெயர் சொல்லத் தெரியாது. ஆய்வகம் இரண்டாவது சென்சார்: செலவு, ஆனால் பெயரும் அளவும் சொல்லும். எப்போது, எங்கே காற்றைப் பிடிக்க வேண்டும் என்று முதலாவது சொல்லாவிட்டால் இரண்டாவது வெறும் நல்ல காற்றைத்தான் அளந்துகொண்டிருக்கும்.

மூக்குக்கும் எல்லை உண்டு. அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடை நாம் மிகக் குறைந்த அளவிலேயே மோந்துவிடுவோம். ஆனால் ரத்தப் புற்றுநோயோடு தொடர்புள்ள பென்சீனுக்கு இந்தியாவின் வருடாந்தரக் காற்று வரம்பு ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். மூக்குக்குத் தெரிய அதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு வேண்டும். நாற்றம் இல்லை என்பதற்காகக் காற்று சுத்தம் என்று அர்த்தமில்லை.

காற்றில் நச்சைக் கண்டுபிடிப்பதும், ஒருவர் உடம்பில் நோயைக் கண்டுபிடிப்பதும் வேறு வேறு அளவீடுகள் என்பதையும் மறக்கக் கூடாது. முதலாவது நோய் வராமல் தடுக்க உதவும், இரண்டாவது வந்த பிறகு உதவும். எவ்வளவு நல்ல மூச்சுக் கருவி வந்தாலும், புகைபோக்கியைக் கண்காணிக்கும் வேலைக்கு அது மாற்று ஆகாது.

திண்டுக்கல் வினிகர்

இந்தியாவில் உயிர் காத்ததாக நிரூபணமான வேதிச் சோதனை எது தெரியுமா? வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலம். கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவினால், மாறத் தொடங்கிய செல்கள் உள்ள இடம் ஒரு நிமிடத்தில் வெள்ளையாகும். பயிற்சி பெற்ற நர்ஸ் வெளிச்சத்தில் கண்ணாலேயே பார்ப்பார். நானோ துகள் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம்.

திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை ஆஸ்பத்திரியோடு சேர்ந்து டாக்டர் சங்கரநாராயணன் குழு 2000-ல் இந்த ஆய்வைத் தொடங்கி, 2007-ல் ‘லான்செட்’டில் வெளியிட்டது. 30 முதல் 59 வயதுப் பெண்கள். சோதனை செய்துகொண்டவர்கள் 31,343 பேர். அதில் 3,088 பேருக்குச் ‘சிவப்பு விளக்கு’. மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள், இவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் கிடையாது. ஆனால் அவர்களில் 3,052 பேர் அடுத்த கட்டமான கருவிப் பரிசோதனையையும் முடித்தார்கள். நூற்றுக்குக் கிட்டத்தட்ட 99 பேர்! தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் தரப்பட்டது. விளைவு: சோதனை நடக்காத ஊர்களோடு ஒப்பிட்டால் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன.

என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் முக்கியமான எண் 35 இல்லை, அந்த 3,088-லிருந்து 3,052. சென்சார் சுமாரானதுதான், ஆனால் அதற்குப் பின்னால் இருந்த சங்கிலி அறுபடவில்லை. நம் மென்பொருள் உலகத்தில் அலாரம் அடிக்கும் சிஸ்டம் எழுதுவது சுலபம், அலாரம் அடித்ததும் எழுந்து போக ஆள் வைப்பதுதான் கஷ்டம். இங்கேயும் அதே கதை.

வாய்ப் புற்றுநோயிலும் அப்படித்தான். திருவனந்தபுரம் பக்கம் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2005-ல் வந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களில் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது.

அடுத்த செய்தி வரும்போது

மூச்சுக் கருவிகள் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் அடுத்த ஃபார்வர்டு வந்தால் நாலு கேள்வி கேளுங்கள். நோய் உள்ளவர், இல்லாதவர் இருவரையும் ஒரே இடத்தில், ஒரே விதமாகச் சோதித்தார்களா? பிடித்தது ஆரம்ப நிலை நோயையா, முற்றியதையா? மென்பொருள் முன்னே பார்த்திராத புது ஆட்களிடம், வேறு ஊரில் சோதித்தார்களா? சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த ஆள் அடுத்து எங்கே போவார், யார் பஸ் காசு தருவார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத கருவி வெறும் பயத்தைத்தான் தயாரிக்கும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தால், புண் இரண்டு மூன்று வாரத்தில் ஆறாவிட்டால், பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். வீட்டில் புகையிலை போடும் மாமாவோ பாட்டியோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அதற்குச் சென்சார் வேண்டாம்.