முதல் வாடிக்கையாளர் பக்கத்திலேயே இருக்கிறார்

ஹட்டன், நுவரெலியா பக்கம் உயர்தரம் முடித்த பிள்ளைகள் பலர் கேட்கிறார்கள்: "கொழும்புக் கடைக்குப் போகாமல் வீட்டிலிருந்தே வெளிநாட்டு ஆட்களுக்கு வேலை செய்யலாமா?" செய்யலாம். ஆனால் எங்கே தொடங்குவது என்பதில்தான் பலர் களைத்துப்போகிறார்கள்.

அப்படிச் செய்யக்கூடிய ஒரு வேலைதான் மெய்நிகர் உதவியாளர் வேலை. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் பார்க்கும் வேலையைத் தூரத்து முதலாளிக்குக் கணினி வழியாகப் பார்ப்பவர்தான் மெய்நிகர் உதவியாளர். மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவார், சந்திப்புக்கு நேரம் குறிப்பார், பில்களைக் கணக்கில் ஏற்றுவார், கடையின் பேஸ்புக் பக்கத்தைப் பார்த்துக்கொள்வார்.

பெரும்பாலானவர்கள் முதலில் ஃபைவர், அப்வொர்க் போன்ற இணைய வேலைத் தளங்களில் கணக்கைத் திறந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அங்கே வேலை தருபவர் முதலில் பார்ப்பது முந்தைய வாடிக்கையாளர்கள் எழுதிய மதிப்புரையை. புதியவரிடம் அது இருக்காது. ஃபைவர் வருமானத்தில் 20 வீதம் பிடிக்கும். 50 டொலர் வேலைக்குக் கையில் 40 தான். அப்வொர்க்கில் விண்ணப்பிப்பதற்கே 'கனெக்ட்ஸ்' என்ற கட்டணப் புள்ளிகள் செலவாகும். அந்தத் தளங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றுக்குப் போகும்போது கையில் நற்சாட்சி இருக்கட்டும்.

அந்த நற்சாட்சி பக்கத்திலேயே கிடைக்கும். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவின் சின்ன விடுதிகளைப் பாருங்கள். அறையைக் காட்டுவதும் சமையலைக் கவனிப்பதும் முதலாளியே. புக்கிங் தளத்தில் வரும் கேள்விக்கு அவர் பதில் போடுவதற்குள் விருந்தினர் வேறு விடுதிக்குப் போய்விடுவார். அவரிடம் "எல்லா வேலையும் செய்வேன்" என்று சொல்லாதீர்கள். "வரும் கேள்விகளுக்கெல்லாம் மூன்று மொழியிலும் உடனே பதில் போடுகிறேன்" என்று ஒரே வேலையைச் சொல்லுங்கள். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் சேர்ந்து தெரிந்தவர் உலகச் சந்தையில் அதிகமில்லை. மலையகப் பிள்ளைகளுக்கு அதுவே மூலதனம். ஆங்கிலம் தடுமாறினால் பயிற்சி எடுங்கள். மஸ்கெலியாவின் டீ லீஃப் விஷன் நிலையம் தோட்டப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் தொழில் திறனும் கற்பிக்கிறது. சீசன் முடிந்ததும் விடுதிக்காரரிடம் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்துத் தேட வேண்டியவர்கள், லண்டனிலும் டொரொண்டோவிலும் சிறு தொழில் நடத்தும் நம் தமிழர்கள். இங்கே நேரத்தைப் பார்த்துத்தான் ஆளைத் தேட வேண்டும். லண்டனில் காலை 9 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் பிற்பகல் 2.30, கோடையில் 1.30. டொரொண்டோவின் காலை 9 நமக்கு மாலை 7.30 அல்லது 6.30. குடும்பமே ஒரே அறையில் படுக்கும் தோட்டத்து லயன் வீட்டில் நள்ளிரவு வரை பேசி வேலை செய்ய முடியாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு லண்டன்தான் தோது.

விலை சொல்லும்போது கூச்சப்படாதீர்கள். தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை போராடிய சமூகம் நாம். கிடைத்தது போதும் என்ற பயம் நம் பிள்ளைகளின் வாயைக் கட்டிவிடுகிறது. இத்தனை வேலைக்கு மாதம் இவ்வளவு என்று எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

கிடைத்த ஆளைத் தக்கவைப்பது புது ஆளைத் தேடுவதைவிட இலகு. வெள்ளிதோறும் முடிந்தது எது, மீதி எது என்று நாலு வரி அனுப்புங்கள். மழைக்காலத்தில் மின்சாரம் போகும், சிக்னல் விழும். இரண்டு நிறுவனங்களின் சிம் வைத்திருங்கள். தாமதமாகும் என்று தெரிந்தால் அவர் கேட்பதற்கு முன்னே சொல்லிவிடுங்கள். அப்படி நடப்பவரைத்தான் அவர் தன் நண்பருக்கும் சொல்வார்.

பணத்தைப் பேயோனியர் என்ற இணையப் பணச் சேவை வழியாக உள்ளூர் வங்கிக்கு எடுக்கலாம். 2025 ஏப்ரல் முதல் இப்படி வங்கி வழியாக வரும் வெளிநாட்டு வருமானத்துக்கு உச்ச வரி 15 வீதம். ஆண்டு வருமானம் 18 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. வரவையெல்லாம் தேதியோடு எழுதி வையுங்கள். வேலை தருவதற்கு முன்பணம் கேட்பவர் வாடிக்கையாளர் அல்ல, ஏமாற்றுக்காரர்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கணினிக்கு முன்னால் இருந்து வேலை செய்யும் நேரமும் உழைப்புத்தான். ஒரு மேசையும், கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாத அமைதியும் கொடுங்கள்.