மந்தி சாப்பிடப் போகிறீர்களா?

திருவனந்தபுரத்தில் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் குழிமந்திக் கடைதான். சோறும் இறைச்சியும் சேர்ந்த ஏமன் நாட்டுச் சமையல் அது. வளைகுடா போய் வந்தவர்களால் நம் ஊருக்கும் பழகிவிட்டது.

சாப்பாட்டைப் பற்றி அரபு நாடுகள் தங்கள் மக்களுக்கு என்ன சொல்கின்றன தெரியுமா? உதாரணமாக, கத்தார் 2015-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, முழுத்தானியம், பயறு, காய்கறி, மீன் இவற்றைக் கூட்டச் சொல்கிறது. சர்க்கரை, உப்பு, கொழுப்பைக் குறைக்கச் சொல்கிறது. சாப்பாட்டை மீதம் வைத்து வீணாக்காதீர்கள் என்பதும் அதில் உண்டு. நல்ல யோசனை, நமக்கும் பொருந்தும்.

மந்தி பெரிய தாம்பாளத்தில் வரும். நாலு பேர் கைவைத்தால் யார் எவ்வளவு சோறு சாப்பிட்டோம் என்றே தெரியாது. தனித்தட்டில் அளவாகப் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளரிக்காயும் தக்காளியும் கூடுதலாகக் கேளுங்கள். குளிர்பானம் வேண்டாம், தண்ணீர் போதும்.

மந்தியோடு தரும் மயோனைஸ் விஷயத்தில் கவனம் தேவை. பச்சை முட்டையில் செய்வதைக் கேரள அரசு 2023 ஜனவரியில் தடை செய்துவிட்டது. எதில் செய்தது என்று தயங்காமல் கேளுங்கள்.

நோன்பு வைத்து, மாலையில் மந்தி சாப்பிட நினைக்கும் சர்க்கரை நோயாளிகள், ரமலானுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை, இன்சுலின் நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள்.