அகத்தில் வைரம், புறத்தில் வைரம்

நடுப்பாகம் முழுவதும் பொந்தாகிப்போன முதிய புளியமரங்களை ஊர்ப்புறங்களில் கண்டிருப்பீர்கள். ஆள் ஒருவர் உள்ளே புகுந்து நிற்கலாம். ஆயினும் அம்மரம் ஆண்டுதோறும் தளிர்க்கிறது, பூக்கிறது, காய்க்கிறது. ஆனால் வைரமேறிய நல்ல மரம் ஒன்றின் அடியில் நான்கு விரல் அகலத்திற்குப் பட்டையை மட்டும் சுற்றிலும் உரித்துவிட்டால், அது மெல்ல மெல்லப் பட்டுப்போகிறது. நடுவே உள்ளதை எல்லாம் இழந்தும் வாழும் மரம், மெல்லிய பட்டையை இழந்து மடிவானேன்?

இவ்வினாவிற்கு விடைதேடப் புகுந்தவருள் முன்னோடி, இத்தாலி நாட்டுப் பொலோஞா நகர மருத்துவரான மார்செல்லோ மால்பீகி. தவளையின் நுரையீரலில் இரத்தம் ஓடும் நுண்குழாய்களை 1661-இல் உருப்பெருக்கியால் கண்டறிந்தவர் இவரே. தம் கடைசி ஆண்டுகளில் பாப்பரசர் பன்னிரண்டாம் இன்னொசென்ட்டின் மருத்துவராக இருந்து, 1694-இல் உரோமையில் மறைந்தார். இவர் மரக்கிளைகளின் பட்டையை வளையமாக உரித்துப் பார்த்தார். வளையத்திற்கு மேற்பகுதி வீங்கியது. கீழ்ப்பகுதியோ வளர்ச்சி குன்றிற்று. இலைகளில் ஆயத்தமாகும் உணவு பட்டை வழியே கீழே இறங்குகிறது என்பது இதனால் புலனாயிற்று. செடிகளின் உள்ளமைப்புப் பற்றிய அவரது நூலை இலண்டன் ராயல் சொசைட்டி 1675, 1679 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் நெகேமியா குரூ என்ற மருத்துவரும் இத்துறையில் உழைத்து, 1682-இல் தம் பெருநூலை வெளியிட்டார்.

இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி இது: பூக்கும் தாவரங்களின் தண்டினுள் இருவகைக் குழாய்த் திசுக்கள் உள்ளன. வேர் உறிஞ்சிய நீரை மேலேற்றுவது சைலம். இலை ஆக்கிய சர்க்கரையை வேர், கனி முதலிய இடங்களுக்குக் கொண்டுசெல்வது புளோயம். இப்பெயர்களை இட்டவர் நேகெலி என்ற சுவிட்சர்லாந்து அறிஞர், ஆண்டு 1858. சைலக் குழாயின் செல்கள் தம் பணியைத் தொடங்கும் முன்னரே இறந்துவிடுகின்றன. உயிர்ப்பொருள் மறைந்து, இடைச்சுவர்கள் கரைந்து, உறுதியான வெளிச்சுவர் மட்டும் எஞ்சி நீரோடும் குழாயாகிறது. உயிரற்ற குழாய் நீரை ஏற்றுமா என்று ஐயுற்ற ஸ்ட்ராஸ்பர்கர் என்ற செர்மானியப் பேராசிரியர், 1891-இல் உயர்ந்த மரங்களை அடியில் அறுத்து, நச்சுக் கரைசலில் நிறுத்தினார். வழியிலிருந்த உயிர்ச்செல்கள் எல்லாம் மடிந்த பின்னும் கரைசல் மேலேறிக்கொண்டே இருந்தது! இலைகளிலிருந்து நீர் ஆவியாக வெளியேறும்போது, ஒன்றோடொன்று பற்றிக்கொண்ட நீர்த்துளிகள் நூலிழைபோல் மேலே இழுக்கப்படுகின்றன என்று 1894-இல் டிக்சனும் ஜோலியும் விளக்கினர்.

புளோயத்தின் நிலை வேறு. அதன் சல்லடைக் குழாய்ச் செல்கள் உயிருள்ளவை. ஆயினும் முதிரும்போது தம் உட்கருவை இழந்துவிடுகின்றன. பக்கத்தில் ஒட்டியிருக்கும் துணைச்செல்தான் அவற்றைப் பேணி வாழவைக்கிறது. (இல்லத்தில் வெண்ணிறக் காசித்தும்பைச் செடி இருப்பின், வேரோடு பிடுங்கிச் சிவப்பு மைகலந்த நீரில் வைத்துப் பாருங்கள். தண்டினுள் செந்நிறக் கோடுகள் மேலேறுவதைக் குழந்தைகள் கண்கொட்டாமல் பார்ப்பர்.)

மா, வேம்பு, புளி போன்ற இருவித்திலைத் தாவரங்களில் சைலத்திற்கும் புளோயத்திற்கும் இடையே கேம்பியம் என்ற மெல்லிய வளர்திசு வளையமாக ஓடுகிறது. அது உட்புறம் புதிய சைலத்தையும் வெளிப்புறம் புதிய புளோயத்தையும் ஆக்கிக்கொண்டே இருப்பதால் மரம் பருக்கிறது. உள்ளே தள்ளப்பட்ட பழைய சைலம் நாளடைவில் நீர் கடத்துவதை நிறுத்தி, பிசினும் துவர்ப்பொருளும் நிறைந்து வைரமாகிறது. எனவே வைரம் உளுத்துப் பொந்தானாலும் புறத்தேயுள்ள இளமரம் நீரேற்றுகிறது. பட்டை உணவை இறக்குகிறது. பட்டையை இழந்த மரத்திலோ நீர் ஏறுவதால் இலைகள் பசுமையாகவே நிற்க, கண்காணாத இடத்தில் வேர்கள் பட்டினியால் மடிகின்றன. மரத்திற்கு நோய் என்று பிறர் அறியும் வேளையில் காலம் கடந்துவிடுகிறது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். திருவிழா விளக்குகளுக்கும் ஒலிபெருக்கிக்கும் மரத்தைச் சுற்றி இறுக்கிய கம்பியை விழா முடிந்ததும் எவரும் அவிழ்ப்பதில்லை. மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டையினுள் புதைந்து புளோயத்தை நெரிக்கிறது. நான் முன்பு பணியாற்றிய ஊரொன்றில், வேலிக்கம்பி சுற்றிய வேம்பு ஒன்று இவ்வாறே சில ஆண்டுகளில் பட்டுப்போனது. வெட்டிப் பார்த்தபோது கம்பி இரண்டு விரல் ஆழத்தில் கிடந்தது. கட்டுவது இன்றியமையாததாயின் கயிற்றால் தளர்வாகக் கட்டி, மறுநாளே அவிழ்த்துவிடுங்கள்.

இனிப் பனையைப் பார்ப்போம். பனை, தென்னை, மூங்கில் ஆகியன ஒருவித்திலைத் தாவரங்கள். இவற்றின் குழாய்க்கற்றைகள் வளையமாக அமையாமல் தண்டெங்கும் சிதறிக் கிடக்கின்றன, கேம்பியம் இல்லை. பனையின் புறத்தே கற்றைகள் நெருங்கி, நார்ச்செல்கள் இறுகி நிற்பதால் அங்கே வைரம். நடுவே மென்மையான சோறு. இவ்வேறுபாட்டை நம் முன்னோர் எத்துணைக் கூர்மையாக நோக்கினர்! புறத்தே வைரமுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வைரமுடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியம் மரபியலில் வகுத்துரைக்கிறது. உருப்பெருக்கி தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன் செய்த வகுப்பு அது. பனையும் மூங்கிலும் புல்லின் உறவினர் என்பதை இன்றைய தாவரவியலும் ஒப்புகிறது.

கேம்பியம் இல்லாமையால் பனைக்கும் தென்னைக்கும் சில இடர்கள் உண்டு. மாமரத்தில் பட்ட வெட்டைப் புதுத்திசு மெல்ல மூடிவிடும். ஏறுவதற்காகத் தென்னையில் வெட்டிய படி, மரம் உள்ளளவும் அப்படியே இருக்கும். மாவை ஒட்டுக்கட்டலாம்; பனையை ஒட்ட இயலாது. உச்சியிலுள்ள ஒரே குருத்து அழிந்தால் மரம் முழுதும் அழியும். புதுக்குழாய்கள் தோன்றிப் பழையனவற்றின் இடத்தை நிரப்பாததால், அடிமரத்திலுள்ள சல்லடைக் குழாய்கள், உட்கரு இன்றியே, பல பத்தாண்டுகள் உயிரோடிருந்து பணியாற்றுகின்றன.

பனையேறி கலயத்தில் இறக்கும் பதநீர் இக்குழாய்களில் ஓடிவரும் சர்க்கரை நீரே. காயம்பட்ட சல்லடைக் குழாய் தன்னைத்தானே விரைவில் அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. அதனால்தான் அவர் பாளையைப் பக்குவமாக நசுக்கிக் கட்டி, நாள்தோறும் ஏறி, அதன் நுனியை மெல்லிய சீவலாகச் சீவிவிட்டு இறங்குகிறார்.